64-க்கு 54: பான்ஷீ பிறந்த கதை

64 மில்லிமீட்டர் போர், 54 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். முதலாவது சிலிண்டரின் அகலம். இரண்டாவது அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம். இந்த அளவில் இரண்டு சிலிண்டர்களை அருகருகே நிறுத்தினால் 347 சி.சி. 1970-இல் யமஹா தன் ஆர்5 என்ற சாலை பைக்குக்கு வைத்த அளவு இது. எண்பதுகளில் நம் ஊர்த் தெருக்களை அதிரவைத்த ராஜ்தூத் 350-க்கும் இதே அளவு. கலிஃபோர்னியாவின் மணல்மேடுகளிலும் அரேபியப் பாலைவனத்திலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பான்ஷீ என்ற நான்கு சக்கர வண்டிக்கும் இதே அளவு.

பாட்டியின் மூக்கு பேத்திக்கு வாய்ப்பதுபோல இந்த 64-க்கு 54 தலைமுறை தாண்டி இறங்கி வந்திருக்கிறது. பான்ஷீ விற்பனைக்கு வந்த ஆண்டு 1987. அதன் பிறப்பு அதற்கும் வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. என்னைக் கேட்டால், அது இன்னும் முடியவில்லை.

ஒரே ஊர், இரண்டு கொடைகள்

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் சோப்பாவ் என்று ஒரு சிற்றூர். டிகேடபிள்யூ நிறுவனத்தின் பைக் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினையே நம்பி வளர்ந்த நிறுவனம் அது. அடால்ஃப் ஷ்னூர்லே என்ற பொறியாளர் 1920-களின் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். சிலிண்டரின் பக்கவாட்டுத் துளைகளைச் சாய்வாக வெட்டினால், உள்ளே வரும் புதுக் கலவை எதிர்ச்சுவரில் ஏறி, மேலே வளைந்து, பழைய புகையை வெளியே தள்ளிக்கொண்டு இறங்கும். அதற்கு முன்பு இந்த வேலைக்காகப் பிஸ்டன் தலையில் ஒரு திமில் வைப்பார்கள். அது சூட்டை வாங்கி உருகும். இனி தட்டையான தலையே போதும். டிகேடபிள்யூ அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. அந்த வழியில் செய்த ஆர்டி125 என்ற சிறிய பைக் 1939-இல் வந்தது.

போருக்குப் பின் அந்த வடிவத்தை வென்ற நாடுகள் எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தின் பிஎஸ்ஏ பாண்டம், அமெரிக்காவின் ஹார்லி 125, சோவியத் நாட்டின் மாஸ்க்வா எல்லாம் அதன் பிள்ளைகள்தான். ஜப்பானில் ஹமாமட்சு நகரத்தில் ஆர்மோனியமும் பியானோவும் செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனமும் அதைப் பார்த்துத் தன் முதல் பைக்கைச் செய்தது. 1955-இல் வந்த யமஹா ஒய்ஏ-1 அதுதான். செந்நிறம் பூசிய ஒல்லியான உடம்பைப் பார்த்து ஜப்பானியர்கள் அதற்கு அகடோம்போ, அதாவது சிவப்புத் தட்டான் என்று பெயர் வைத்தார்கள். யமஹாவின் சின்னத்தில் இருக்கும் மூன்று இசைக்கவைகள் அந்த வாத்தியப் பட்டறையின் அடையாளம்.

சோப்பாவின் இரண்டாவது கொடை ஒலி சம்பந்தப்பட்டது. போருக்குப் பிறகு அதே தொழிற்சாலை கிழக்கு ஜெர்மனி அரசின் கைக்குப் போய் எம்இசட் ஆனது. அதன் பந்தயப் பிரிவில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இருந்தார். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. புகை போகும் வாசலும் புதுக் கலவை வரும் வாசலும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். அந்த இடைவெளியில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் புகையோடு ஓடிவிடும். காடன் அதை அழுத்த அலையைக் கொண்டு மறித்தார்.

புகை வெளியேறும்போது சைலன்சர் குழாயில் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. குழாய் விரியும் இடத்தில் அதன் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து சிலிண்டரைத் துடைத்துக் காலி செய்யும். மிச்ச அலை, குழாய் மறுபடி குறுகும் இடத்தில் மோதித் தள்ளும் அலையாகத் திரும்பும். வாசல் மூடும் கணத்துக்குச் சற்று முன்பாக அது வந்து சேர்ந்தால், ஓடிப்போன புதுக் கலவையைத் திரும்ப உள்ளே திணித்துவிடும். வயிறு பெருத்து வால் சிறுத்த அந்தக் குழாய்க்கு எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்று பெயர். நாதஸ்வரத்தின் நீளம் சுருதியைத் தீர்மானிப்பதுபோல, இந்தக் குழாயின் நீளமும் சரிவும் இன்ஜின் எந்த வேகத்தில் பொங்கும் என்பதைத் தீர்மானிக்கும். 1961-இல் காடனின் 125 சி.சி. இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 200.

அந்த ஆண்டு செப்டம்பரில், பெர்லின் சுவர் எழுந்து சில வாரங்களே ஆன நிலையில், காடனின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்குப் பக்கம் தப்பினார். காடனின் வித்தையோடு அவர் போய்ச் சேர்ந்தது ஜப்பானின் சுசுகியிடம். அடுத்த ஆண்டே சுசுகிக்கு 50 சி.சி. உலகப் பட்டம் கிடைத்தது. 1964-இல் ஃபில் ரீட் யமஹாவுக்கு முதல் உலகப் பட்டத்தை 250 சி.சி. பிரிவில் வாங்கித் தந்தார். ஒரு காலத்தில் ஆர்மோனியத்துக்குச் சுருதி சேர்த்த நிறுவனம், இரும்புக் குழாய்க்கும் சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டது.

பந்தயத்திலிருந்து வீதிக்கு

ஆர்5-க்கு அடுத்து 1973-இல் வந்தது ஆர்டி350. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே மெல்லிய தகடுகளால் ஆன ரீட் வால்வு வைத்தார்கள். கலவையை உள்ளே விடும், வெளியே திரும்ப விடாது. ஆர்மோனியத்தில் காற்றுப் பட்டு அதிரும் நாக்கையும் ஆங்கிலத்தில் ரீட் என்றே சொல்வார்கள். அதே ஆண்டு பந்தயத்துக்காகத் தண்ணீர்க் குளிர்ச்சியோடு டிஇசட்350 வந்தது. அதுவும் 64-க்கு 54. ஃபின்லாந்து வீரர் யார்னோ சாரினென் 1973-இல் அமெரிக்காவின் டேடோனா 200 பந்தயத்தில் 350 சி.சி. யமஹாவை ஓட்டி, இரு மடங்கு பெரிய 750-களைப் பின்னால் விட்டு வென்றார். அடுத்த ஆண்டு ஜியாகோமோ அகோஸ்டினி 350 சி.சி. உலகப் பட்டத்தை யமஹாவில் வென்றார்.

பந்தய வண்டிக்கும் வீதி வண்டிக்கும் ஒரே போர், ஒரே ஸ்ட்ரோக் என்பதால் ஒன்றில் கற்றது மற்றொன்றுக்குப் பொருந்தியது. துளையை எவ்வளவு உயர்த்தலாம், சிலிண்டர் தலையை எவ்வளவு சீவலாம் என்ற கணக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட வேண்டியிருக்கவில்லை. பட்டறைகளில் அந்த அறிவு சேர்ந்துகொண்டே வந்தது.

1980-இல் தண்ணீர்க் குளிர்ச்சி வீதி வண்டிக்கும் வந்தது, பெயர் ஆர்டி350எல்சி. 1983-இல் புகைவாசலின் உயரத்தை வேகத்துக்கு ஏற்ப மாற்றும் பவர் வால்வும் சேர்ந்தது. அதே 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இந்தியாவில் பழைய காற்றுக் குளிர்ச்சி ஆர்டியை ராஜ்தூத் 350 என்ற பெயரில் செய்யத் தொடங்கியது. முன்பக்க டிஸ்க் பிரேக்குக்குப் பதில் டிரம் வைத்தார்கள். பெட்ரோல் குடிக்கிறது என்று வீட்டார் திட்டினார்கள். சோழவரம் ஓடுபாதையில் பந்தயம் பார்த்துத் திரும்பிய இளைஞர்கள் அதையே கனவு கண்டார்கள். இன்று ஓர் ஆர்டியை மீட்டெடுத்து ஓட்டுகிறவர் பான்ஷீக்கு ஒன்றுவிட்ட அண்ணனைத்தான் வீட்டில் வைத்திருக்கிறார்.

அமெரிக்காவில் அந்த நேரம் காற்று மாறியிருந்தது. சாலை பைக்குகளுக்கான புகைக் கட்டுப்பாடு 1978 முதல் நடைமுறைக்கு வந்ததும் டூ ஸ்ட்ரோக் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டியது. 1984-இல் ஆர்இசட்350 என்ற பெயரில், புகையைச் சுத்தம் செய்யும் கருவியை மாட்டி யமஹா ஒரு முயற்சி செய்து பார்த்தது. நீண்ட நாள் நிற்கவில்லை. நன்றாக ஓடுகிற, எல்லாரும் நுணுக்கம் அறிந்த ஓர் இன்ஜின் ஓடச் சாலை இல்லாமல் நின்றது.

மூன்று சக்கரம், நான்கு சக்கரம்

சாலை இல்லாத இடத்தில் ஓடும் வண்டியின் கதை தனியாக வளர்ந்து வந்தது. அமெரிக்காவில் பனிக்காலத்தில் பைக் விற்பனை படுத்துவிடும். அந்த மாதங்களில் விற்க ஏதாவது வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்க, ஹோண்டாவின் பொறியாளர் ஒசாமு டகேயுச்சி பலூன்போல உப்பிய டயர்களோடு ஒரு மூன்று சக்கர வண்டி செய்தார். 1970-இல் அது விற்பனைக்கு வந்தது. பிறகு ஏடிசி90 என்று பெயர் பெற்றது. சேற்றிலும் பனியிலும் மணலிலும் அது மிதந்து போனது.

ஆனால் மூன்று சக்கரத்தில் ஓர் ஆபத்து இருந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இறுக்கமான அச்சில் சுற்றும். திரும்பும்போது ஓட்டுபவர் உடல் எடையைச் சரியாக மாற்றாவிட்டால் வண்டி கவிழும். குழந்தைகள் ஓட்டினார்கள், இறந்தார்கள். 1988-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தோடு நிறுவனங்கள் செய்த உடன்பாட்டில் மூன்று சக்கர விற்பனை நின்றது. பெரிய வண்டிகளை 16 வயதுக்குக் கீழே யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். இந்த வண்டிகளை நேசிப்பவர்கள் மறக்கக் கூடாத பக்கம் அது. ஹெல்மெட் மாட்டாமல் யாராவது ஏறுவதைப் பார்த்தால் எனக்கு அந்தக் குழந்தைகளின் நினைவுதான் வரும்.

நான்காவது சக்கரத்தை முதலில் சேர்த்தது சுசுகி. 1983 மாடல் எல்டி125. அடுத்து 1985-இல் அதே சுசுகி, பந்தய மனசோடு எல்டி250ஆர் கொண்டுவந்தது. 1986-இல் ஹோண்டா டிஆர்எக்ஸ்250ஆர். இந்த இரண்டு 250-களும் ஒற்றைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். ஆளுக்கு ஒரு 250 என்று போட்டி சூடாகிவிட்டது.

1987

யமஹா இந்தப் போட்டிக்குப் புது இன்ஜின் வரையவில்லை. சாலை இழந்து நின்ற 64-க்கு 54-ஐ எடுத்தது. பவர் வால்வைக் கழற்றிவிட்டுச் சிலிண்டரை எளிமையாக்கியது. 26 மில்லிமீட்டர் மிக்குனி கார்புரேட்டர் இரண்டு, ஆறு கியர், கையால் பிடிக்கும் கிளட்ச், காலால் உதைக்கும் கிக்கர், முன்னால் ஒரு ரேடியேட்டர். வீதியில் 50 குதிரைத்திறனை நெருங்கிய இன்ஜின் இங்கே 35 அளவுக்கு அடக்கி வைக்கப்பட்டது. ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும். கிராங்க் அரைச்சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒரு வெடிப்பு. இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி எக்ஸ்பான்ஷன் சேம்பர்.

அயர்லாந்து நாட்டுக் கதைகளில், வீட்டில் சாவு விழப்போகிறது என்றால் முன்கூட்டியே வந்து ஓலமிடும் பெண் ஆவிக்கு பான்ஷீ என்று பெயர். இரட்டைக் குழாய்கள் சுருதி சேர்ந்து எழுப்பும் வீறிடலைக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது. கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில் கிளாமிஸ் என்னும் மணல்காட்டில், ஓல்ட்ஸ்மொபைல் ஹில் என்ற செங்குத்து மேட்டில் ஏறும் பான்ஷீயின் ஓசை வெகுதூரம் கேட்கும். வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவர்களுக்கும் வெள்ளிக்கிழமை மாலைகளில் மணல்மேட்டுக்கு அப்பாலிருந்து வந்த அந்த ஓலம் பழகியிருக்கும்.

யமஹா அதை 2006 வரை, 20 மாடல் ஆண்டுகள், இன்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அமெரிக்காவில் விற்றது. போட்டி வண்டிகள் எல்லாம் அதற்குள் வந்து மறைந்துவிட்டன. மாற்றாமல் விட்டதே அதன் பெரும் பலம் ஆயிற்று. முதல் ஆண்டு வண்டிக்கு வெட்டிய பைப் கடைசி ஆண்டு வண்டிக்கும் பொருந்தியது. சின்னச் சின்னப் பட்டறைகள் துணிந்து முதலீடு செய்ய அந்த உறுதி போதுமானதாக இருந்தது.

பட்டறையில் இரண்டாம் பிறப்பு

தொழிற்சாலை அடக்கி வைத்ததை அவிழ்ப்பது பைப்பில் தொடங்கும். சுருதி கூடிய எக்ஸ்பான்ஷன் பைப், காற்று தாராளமாக நுழையும் ஃபில்டர், நல்ல ரீட் வால்வு. இவை மூன்றும் வந்துவிட்டால் இன்ஜின் அதிகக் காற்றை இழுக்கும். அதற்கு ஈடாகப் பெட்ரோல் போகாவிட்டால் கலவை வறண்டு, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். ஆகவே கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை மாற்ற வேண்டும். தொழிற்சாலையில் 200 எண் ஜெட்; பைப் மாற்றிய வண்டியில் 250-ஐத் தாண்டுவது வழக்கம். எந்த எண் என்று யாரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதிகப் பெட்ரோல் கேட்கும். மலைமேல் காற்று மெலிந்தது, குறைவாகக் கேட்கும். புது பிளக் மாட்டி, முழு த்ராட்டிலில் ஓட்டி, ஓட்டத்திலேயே இன்ஜினை அணைத்துக் கிளட்சைப் பிடித்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றி உள்ளே பார்ப்பார்கள். பீங்கானின் அடியில் தெரியும் வளையத்தின் நிறம்தான் தீர்ப்பு.

அடுத்த படி ஆழமானது. மேக்னெட் பக்கத் தகட்டை நகர்த்திப் பற்றவைப்பை 4 டிகிரி முன்னுக்குக் கொண்டுவருவார்கள். சிலிண்டர் துளைகளைக் கையால் அரைத்து உயர்த்துவார்கள். சிலிண்டர் தலையைச் சீவுவார்கள், அல்லது உள்ளே கிண்ணம் மாற்றக்கூடிய தலை போடுவார்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது தலைக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதை அளக்க, பிளக் துளை வழியாக சால்டர் கம்பியை விட்டு இன்ஜினைக் கையால் சுற்றி, நசுங்கிய கம்பியின் தடிமனைப் பார்ப்பார்கள். கிராங்கை மாற்றி ஸ்ட்ரோக்கை 58 ஆக்கினால் 373 சி.சி. மணலுக்கென்றே துடுப்பு டயர், நீண்ட ஸ்விங் ஆர்ம் என்று உடம்பும் மாறும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். த்ராட்டில் கேபிள் சிக்கிக்கொண்டால் இன்ஜினை அடக்கும் டிஓஆர்எஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டை யமஹா வைத்திருந்தது. பழுதாகித் தொல்லை தருகிறது என்று பலர் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுவார்கள். கழற்றுகிறவர் கேபிளின் தளர்வை ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை அணைக்கும் கயிற்று ஸ்விட்சை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு காவலை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொரு காவலை நிறுத்துவதுதான் மெக்கானிக்கின் தர்மம்.

கையால் கலக்கும் எண்ணெய்

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் எண்ணெய் அடியில் தேங்கி நிற்கும். பான்ஷீக்கு அப்படிக் கிடையாது. பெட்ரோலில் நாம் கலந்து ஊற்றும் எண்ணெய்தான் கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் உயிர். வண்டிக்காரர்கள் பலர் 32-க்கு 1 என்று கலப்பார்கள். 5 லிட்டருக்குச் சுமார் 156 மில்லி. எண்ணெயைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்துத் தாராளமாக ஊற்றினாலும் சிக்கல் வரும். எண்ணெய் பிடித்த இடம் பெட்ரோலுக்கு இல்லாமல் போவதால், அதே ஜெட்டில் கலவை வறளும். ஆகவே ஒரே எண்ணெய், ஒரே விகிதம், ஒவ்வொரு தடவையும் அளந்து.

கிக்கரை உதைத்த உடனே முறுக்கக் கூடாது. அலுமினியப் பிஸ்டன் சீக்கிரம் விரியும். சிலிண்டருக்குள் இருக்கும் இரும்பு லைனர் ஏறத்தாழ அதில் பாதிதான் விரியும். குளிர்ந்த சிலிண்டரில் சூடான பிஸ்டன் நான்கு மூலையிலும் பிடித்துக்கொள்ளும். ரேடியேட்டர் மேலே கை வைத்துச் சூடு தெரியும்வரை காத்திருப்பவருக்கு அந்தச் செலவு வராது.

இதில் மிக நுட்பமான எதிரி காற்றுக் கசிவு. கிராங்கின் இரு முனையிலும் ரப்பர் ஆயில் சீல் உண்டு. இடப்பக்க சீல் தேய்ந்தால் வெளிக்காற்று நுழைந்து கலவை வறளும். வலப்பக்கம் தேய்ந்தால் கியர் பெட்டி எண்ணெய் உறிஞ்சப்பட்டு வெண்புகை கிளம்பும். இதைக் கண்டுபிடிக்க, கலவை வரும் வாயையும் புகை போகும் வாயையும் அடைத்து, கைப்பம்பால் 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி, 6 நிமிடம் காத்திருப்பார்கள். முள் இறங்கினால், பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடுவதுபோல, சோப்புத் தண்ணீர் தடவித் தேடுவார்கள். புதிதாக இன்ஜின் கட்டியவர் இந்தச் சோதனையைச் செய்யாமல் கிக்கரில் கால் வைப்பதில்லை. மணலில் போய் வந்தால் ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் பூசுவது, சங்கிலித் தளர்வு பார்ப்பது, பின் அச்சின் லாக் நட்டை இறுக்குவது எல்லாம் குளித்துத் தலை துவட்டுவதுபோல அன்றாட வேலை.

பிஸ்டன் தலையில் எழுதிய வயது

அமெரிக்காவில் 2006-ஓடு பான்ஷீயின் விற்பனை நின்றது. புகைச் சட்டம் மணலுக்கும் வந்துசேர்ந்தது. நான்கு ஸ்ட்ரோக்கில் ஒய்எஃப்இசட்450 ஏற்கெனவே இடத்தைப் பிடித்திருந்தது. ஆனால் இருபது ஆண்டுகள் மாறாத வண்டிக்கு உதிரிபாகம் செய்யப் பழகிய பட்டறைகள் நிற்கவில்லை. இன்று சிலிண்டர், கிராங்க், இன்ஜின் கூடு, சட்டகம் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. யமஹாவின் ஒரு துண்டுகூட இல்லாமல் ஒரு முழு பான்ஷீயைக் கட்டி நிறுத்த முடியும்.

பழைய சிலிண்டரும் சீக்கிரம் சாவதில்லை. அதன் லைனர் இரும்பு. பிஸ்டன் பிடித்துக் கோடு விழுந்தால் லேத் பட்டறையில் கொடுத்துப் போர் போட்டு, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் மாட்டலாம். 64, பிறகு 64.25, பிறகு 64.50. 66 வரை போகும். அதற்கு மேல் சுவர் மெலிந்துவிட்டால் புது லைனர் இறக்குவார்கள். கணக்கு மறுபடி 64-இல் தொடங்கும்.

எவ்வளவு பெரிய பிஸ்டன் என்பதை அதன் தலையில் எண்ணாகப் பொறித்திருப்பார்கள். பழைய பான்ஷீ ஒன்றை வாங்குகிறவர் சிலிண்டர் தலையைக் கழற்றி, கரியைத் துடைத்து முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். ஒரு முறை எண்ணெய் மறந்ததா, சீல் கசிந்ததா, சூடேறும் முன் முறுக்கியதா என்று அது சொல்லாது. எத்தனை முறை யாரோ ஒருவர் இந்த இன்ஜினைக் கைவிடாமல் பிரித்து, அளந்து, மறுபடி கட்டியிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லும். துடைத்த இடத்தில் 50 என்று தெரிந்தால் இது மூன்றாவது பிறவி.